எண்ணூர் சாலையும் எலெக்ட்ரானும்

"சார்பியல் குவாண்டம் இயக்கவியல்" என்ற பெயரைக் கேட்டதும், "அது எம்.எஸ்ஸி. படிப்பவர்களின் பாடம், இராயபுரத்துப் பெண் பிள்ளைகளுக்கு அது எதற்கு?" என்று கேட்பாரும் உளர். பத்தாம் வகுப்பில் பயிலும் நாங்கள் இக்கருத்தை ஏற்கவில்லை. ஏன் என்பதை ஆண்டு மலரின் வாசகர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

1905-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன், மிக வேகமாகச் செல்லும் பொருள்களுக்குரிய விதிகளைக் கூறினார். அதுவே சார்பியல். 1926-இல் ஷ்ரோடிங்கர் தந்த சமன்பாடு, அணுவினுள் எலெக்ட்ரானின் இயக்கத்தை விளக்கியது. ஆனால் அச்சமன்பாடு சார்பியலோடு ஒத்துப்போகவில்லை. 1928-இல் டிராக் என்னும் 25 வயது இளைஞர் இரண்டையும் இணைத்துப் புதிய சமன்பாடு ஒன்றை அமைத்தார். நேர்மின்னூட்டம் கொண்ட எலெக்ட்ரானும் உண்டு என்ற முடிவுக்கு அது அவரைக் கொண்டு சென்றது. 1932-இல் ஆண்டர்சன் அதைக் கண்டறிந்தார். பாசிட்ரான் என்னும் அத்துகளின் உதவியால்தான் இன்று மருத்துவமனைகளில் புற்றுநோயைக் காட்டும் 'பெட்' ஸ்கேன் எடுக்கிறார்கள்.

இதில் நம் சென்னைக்கும் பங்குண்டு. மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1930-இல் பம்பாயில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 19. கப்பலில் அமர்ந்தே, சுருங்கிப்போன நட்சத்திரத்தினுள் நெருக்குண்ட எலெக்ட்ரான்களுக்குச் சார்பியலையும் சேர்த்துக் கணக்கிட்டார். 'வெண்குறுமீன்' என்னும் அத்தகைய நட்சத்திரத்தின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டார். அவ்வெல்லை சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935-இல் எடிங்டன் என்ற பேரறிஞர் அதை மறுத்தார். ஆயினும் உண்மை நிலைத்தது; 1983-இல் நோபல் பரிசு வந்தது.

நட்சத்திரம் தொலைவில் உள்ளது என்பீர்களா? எண்ணூர் நெடுஞ்சாலைக்கு வாருங்கள். அங்கு வரிசையாக நிற்கும் கண்டெய்னர் லாரிகளைக் கிளப்புவது ஈய பாட்டரி. ஈய அணுவின் உட்புற எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் இயங்குகின்றன. பாட்டரியின் ஓர் அறை தரும் சுமார் 2.1 வோல்ட்டில், 1.7 வோல்ட்டுக்கும் குறையாத பங்கு இச்சார்பியல் விளைவால் வருகிறது என்று 2011-இல் கணக்கிட்டுள்ளனர். நம் தாய்மாரின் தாலிப் பொன் மஞ்சளாக ஒளிர்வதும் இதனால்தான். இன்றேல் அது வெள்ளியைப்போல் வெளுத்திருக்கும்!

பெற்றோரின் கவலையை நாங்கள் அறிவோம். துறைமுகத்திலும் ஆலையிலும் மீன்பிடிப் படகிலும் உழைப்பவர்கள், மகள் விரைவில் வேலைக்குச் செல்லும் படிப்பையே விரும்புவது இயல்பு. அதில் குற்றமில்லை. ஆனால் ஒரு கதவு இருப்பதே தெரியாதவள் அதைத் தட்டுவது எங்ஙனம்? சந்திரசேகர் காலத்திலேயே அதே மாநிலக் கல்லூரியில், பின்னாளில் அவருக்கு மனைவியான லலிதா இயற்பியல் பயின்றார். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணுக்குத் திறந்த கதவு இன்று நமக்கு மூடியிருக்கலாமா?

ஆகவே ஆசிரியைகளையும் அருட்சகோதரிகளையும் ஒன்று வேண்டுகிறோம். டிராக்கின் சமன்பாட்டை இப்போதே கற்பிக்கச் சொல்லவில்லை. அதற்கான கணிதம் எங்களிடம் இல்லை. அதன் கதையை மட்டும் சொல்லுங்கள். 1962-இல் தொடங்கப்பட்டு இன்று தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தை ஒருமுறை காட்டுங்கள். பெற்றோரே, கணிதத்தில் ஆர்வமுள்ள மகள் பதினோராம் வகுப்பில் இயற்பியல் பிரிவைக் கேட்டால், மறுக்குமுன் அவள் காரணத்தைக் கேளுங்கள்.

தோழியரே! எல்லோரும் விஞ்ஞானி ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் "இது நமக்கன்று" என்று சொல்லும் உரிமை, அறிந்து பார்த்தபின் நமக்கே உரியது. பிறர் நமக்காக அதைச் சொல்ல விடாதிருப்போமாக!