வானூர்தி அவர்களுக்கு, கடன் எமக்கு

ஸ்ரீலங்கன் விமான சேவைக்குப் புதிய நெடுந்தூர விமானங்கள் தேவை என்ற பேச்சு எழும்போதெல்லாம், தேசியப் பெருமை என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. இப்பேச்சைக் கேட்டே பத்திரிகைத் தொழிலில் நரைத்தவன் நான். வாலில் மயில் தாங்கிய விமானம் லண்டனில் இறங்கினால் நாடு தலைநிமிரும் என்கிறார்கள். தலைநிமிரட்டும். அதற்கான பற்றுச்சீட்டு யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதே என் கேள்வி.

பழைய விமானங்களோடு காலந்தள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏ340 குடித்த எரிபொருளை இரண்டு இயந்திரங்கள் கொண்ட ஏ330 குடிப்பதில்லை. போதிய விமானங்கள் இன்றி 2023இல் இந்நிறுவனத்தின் பயணங்கள் தாமதித்தும் ரத்தாகியும் பயணிகள் பட்ட பாட்டை நாடறியும். விமானத்துக்கும் வயதாகும், மாற்றத்தான் வேண்டும். எப்படி மாற்றினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2013ஆம் ஆண்டை நினைவுகூருங்கள். எயார்பஸ் நிறுவனத்திடம் ஆறு ஏ330-300களும் நான்கு ஏ350-900களும் வாங்குவதற்கு உடன்பாடு செய்யப்பட்டது. அதற்கு மேலதிகமாக நான்கு ஏ350களைக் குத்தகைக்கு எடுக்கவும் ஒப்புக்கொண்டார்கள். ஆறு ஏ330களும் வந்து சேர்ந்தன. ஏ350 ஒன்றுகூட வரவில்லை. நீண்ட ஐரோப்பிய வழிகளுக்கு உகந்த விமானம் அது. 2016 முடிவதற்குள் பாரிஸ், பிராங்க்பர்ட் சேவைகளையே நிறுத்திவிட்டார்கள். குத்தகையை முறித்துக்கொள்ள 9 கோடி டொலருக்கும் மேல் இழப்பீடு செலுத்த நேர்ந்தது. கண்ணால் காணாத விமானத்துக்கு இத்தனை கோடி!

இத்தோடு முடியவில்லை. 2020 ஜனவரி 31 அன்று பிரித்தானியாவின் பாரிய மோசடி விசாரணை அலுவலகத்தோடு எயார்பஸ் செய்துகொண்ட உடன்பாட்டை லண்டன் நீதிமன்றம் அங்கீகரித்தது. இலங்கைக் கொள்வனவோடு தொடர்புடைய ஒருவரின் மனைவியினுடைய நிறுவனத்துக்கு 1 கோடியே 68 இலட்சம் டொலர் வரை கொடுக்க எயார்பஸ் ஊழியர்கள் முன்வந்ததும், அதில் 20 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டதும் அந்த ஆவணங்களில் உள்ளன. பிரித்தானிய ஏற்றுமதிக் கடன் நிறுவனத்திடம் அப்பெண்ணின் பெயரையும், அவர் ஆணா பெண்ணா என்பதையும்கூட மறைத்துச் சொன்னார்களாம். இந்த உண்மையை வெளியே கொண்டுவந்தது எமது பாராளுமன்றமா? கணக்காய்வா? இல்லை. அந்நிய நாட்டு விசாரணையாளர்கள் சொல்லித்தான் எமக்குத் தெரிந்தது. தேசியப் பெருமை பேசியவர்கள் அன்று எங்கே போனார்கள்?

கல்முனைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எமது ஊர்கள் எங்கும் வளைகுடாவுக்குப் போய்வந்த குடும்பங்கள் உள்ளன. எமது சபுராளிகள் 300 கிலோமீற்றருக்கும் மேல் இரவு பஸ்ஸில் குலுங்கிக் கட்டுநாயக்க சேர்ந்து, பெரும்பாலும் மலிவான சீட்டு எந்த விமானத்தில் கிடைக்கிறதோ அதில் ஏறுகிறார்கள். இத்தகையோர் உட்பட வெளிநாடுகளில் உழைப்போர் 2024இல் அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கும் மேல். 2022இல் டொலர் இன்றி நாடு வரிசையில் நின்றபோது எல்லோரும் எதிர்பார்த்திருந்ததும் அப்பணத்தைத்தான். அதை உழைத்தவனிடம் எந்த விமானம் வேண்டும், எந்த வழிக்கு வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

ஆனால் கடன் அவன் வீட்டையும் தேடி வருகிறது. இவ்விமான நிறுவனத்துக்காக அரசு பொறுப்பு நின்ற 17 கோடி 50 இலட்சம் டொலர் கடன் பத்திரம் 2024 ஜூனில் முதிர்ந்தபோது திருப்பிச் செலுத்தப்படவில்லை. அரசு பொறுப்பு என்றால் மக்கள் பொறுப்பு என்பதே பொருள். 2022இன் தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. வாழ்நாளில் விமானமே ஏறாத விதவைத் தாயும் சந்தைக் கடையில் அதைக் கட்டுகிறாள். நாட்டின் கடன் அவள் வாங்கும் சவர்க்காரத்தின் விலையிலும் இருக்கிறது.

சாய்ந்தமருதில் ஆழ்கடலுக்குப் போகும் படகுக்காரர் பழைய இயந்திரத்தை மாற்றுமுன் என்ன செய்வார்? விலையை நான்கு இடங்களில் விசாரிப்பார். எத்தனை தடவை கடலுக்குப் போனால் கடன் அடையும் என்று விரல்விட்டு எண்ணுவார். தரகர் யார், அவருக்கு எவ்வளவு என்பதையும் அறிந்துகொள்வார். ஏனெனில் அது அவருடைய சொந்தப் பணம். பட்டம் பெற்ற அதிகாரிகளும் கோட்டு அணிந்த ஆலோசகர்களும் இக்கணக்கைப் போடாமைக்குக் காரணம் அறியாமை அன்று. அது அடுத்தவன் பணம்.

ஆகவே இனி விமானம் வாங்குவோருக்குச் சில வார்த்தைகள். கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தைப் பாராளுமன்றத்தில் வையுங்கள். இடைத்தரகர் எவராயினும் பெயரையும் தரகுத் தொகையையும் வெளியிடுங்கள். எந்த விமானம் எந்த வழியில் பறக்கும், எத்தனை ஆசனம் நிரம்பினால் கட்டுப்படியாகும் என்ற கணக்கைக் காட்டுங்கள். முறித்தால் எவ்வளவு தண்டம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

இவற்றை வெளியிட்டால் வணிக இரகசியம் கெட்டுவிடும் என்பார்கள். 2013இல் இரகசியம் நன்றாகவே காக்கப்பட்டது. அது யாரைக் காத்தது என்பதை லண்டன் நீதிமன்றத்தின் ஆவணங்கள் சொல்கின்றன.