காணாமற்போன ஒரு வருஷம்

நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற தொடர்கதைக்குத் திடீரென்று ஒரு இதழில் 'முற்றும்' போட்டுவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? ஆசிரியருக்குக் கார்டு எழுதிப் போடுகிற சகோதரிகளும் நம்மில் உண்டு. 'அட, போகட்டும்' என்று அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறவர்களும் உண்டு. கார்டு எழுதுவதால் ஏதாவது நடந்துவிடுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல இங்கிலாந்திலிருந்து ஒரு சமாசாரம் வைத்திருக்கிறேன். நடந்தது. ஆனால் கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை.

'ஃபாயில்ஸ் வார்' என்று ஒரு டெலிவிஷன் தொடர். ஃபாயிலின் யுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.டி.வி. என்கிற கம்பெனி 2002 அக்டோபரில் காட்ட ஆரம்பித்தது. என் நாத்தனார் கல்யாணமாகி அந்த ஊருக்குப் போய் இருபது வருஷமாகிறது. போன தடவை வந்தபோது டி.வி.டி. பெட்டிகளாகவே கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணி, போலீஸ் கதைதான், ஆனா கண்ணை மூடிக்க வேண்டிய காட்சி அதிகமா இருக்காது. தைரியமாப் பாருங்க" என்றாள். எனக்குப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ்தான். கீழே எழுத்து ஓடினால்தான் புரியும். எழுத்தைப் படித்துப் படித்தே அத்தனையும் பார்த்து முடித்தேன்.

கதை நடப்பது ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊரில். இங்கிலாந்தின் தெற்கு ஓரம். கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ். 1940-ல், ஜெர்மன்காரன் இன்றைக்கு வருவானா நாளைக்கு வருவானா என்று ஊரே பயந்துகொண்டிருக்கிற சமயத்தில் ஆரம்பிக்கிறது. அந்த ஊர்ப் போலீஸ் அதிகாரி கிறிஸ்டோஃபர் ஃபாயில். மனைவியை இழந்தவர். ஒரே மகன் ஆண்ட்ரூ, விமானப் படையில். தன்னையும் யுத்த வேலைக்கு அனுப்பும்படி கேட்கிறார். மேலிடத்தில் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள். தினம் ஆயிரக்கணக்கில் சாகும்போது ஒரு கொலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயே என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கொலை கொலைதான் என்பது அவர் கட்சி. நடித்தவர் மைக்கேல் கிச்சன். அதிகம் பேசவே மாட்டார். புருவத்தை லேசாகத் தூக்கி, வாயைக் கொஞ்சம் கோணினால் எதிராளிக்கு வேர்த்துவிடும். நம் ஊர் சீரியலில் அதே இடத்தில் மூன்று தடவை இடி இடிக்கும்!

அவருக்குக் கீழே மில்னர். நார்வே யுத்தத்தில் ஒரு காலைப் பறிகொடுத்துவிட்டு வந்தவன். அவன் மனைவியால் அந்தக் காலைப் பார்க்கவே முடியவில்லை. அவளைத் திட்டிக்கொண்டே பார்த்தேன், அப்புறம் பாவமாகவும் இருந்தது. கார் ஓட்டுவதற்கு சமந்தா ஸ்டூவர்ட் என்கிற பெண். பாதிரியார் வீட்டுப் பெண். ஹனிசக்கிள் வீக்ஸ் நடித்தது. எல்லாரும் சாம் என்றுதான் கூப்பிடுவார்கள். சாமுக்கு எப்போதும் பசி!

பசி இல்லாமல் என்ன செய்யும்? 1940 ஜனவரியில் அங்கே ரேஷன் வந்துவிட்டது. ஆளுக்கு வாரத்துக்கு வெண்ணெய் சுமார் 55 கிராம், டீத்தூளும் அவ்வளவுதான், சர்க்கரை கால் கிலோவுக்கும் குறைவு, முட்டை ஒன்றே ஒன்று. அளவு அவ்வப்போது ஏறி இறங்கும். வெங்காயம் கதையோ இன்னும் மோசம். பிரான்ஸிலிருந்து வந்துகொண்டிருந்த வெங்காயம் நின்றுபோய், ஒரு வெங்காயத்தைக் குலுக்கல் போட்டுப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள்! வெங்காயம் இல்லாமல் நாம் ஒரு வாரம் சமைத்துப் பார்க்கலாமா? யுத்தம் 1945-ல் முடிந்தும் ரேஷன் முழுக்க ஒழிய 1954 ஆகிவிட்டது. யுத்தத்தின்போது தாராளமாகக் கிடைத்த ரொட்டிக்கு, யுத்தம் முடிந்த பிறகு 1946-லிருந்து 1948 வரை ரேஷன் வைத்தார்கள் என்றால் அந்த ஊர் அம்மாக்கள் என்ன சொல்லியிருப்பார்கள்! இந்த மாதிரி வீட்டு விஷயமெல்லாம் கதையோடு கதையாக வருவதால்தான் பெண்கள் இந்தத் தொடரை விடாமல் பார்த்தார்கள் என்பது என் எண்ணம்.

'எனிமி ஃபயர்' என்று ஒரு கதை. தீயில் கருகிய விமானிகளுக்கு முகம் வைத்துத் தைக்கிற ஆஸ்பத்திரியில் நடக்கிறது. அதற்கு முன்மாதிரி நிஜமாகவே இருந்தது. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊரில் நியூஸிலாந்துக்காரர் டாக்டர் ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ இந்த வைத்தியத்தைச் செய்தார். கடலில் விழுந்து பிழைத்த விமானிகளின் தீப்புண் சீக்கிரம் ஆறுவதைக் கவனித்து, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் குளிக்க வைத்தார். முகம் கோரமான பையன்களை வார்டுக்குள் ஒளித்து வைக்காமல் கடைத்தெருவுக்கு அனுப்பினார். ஊர் ஜனங்களிடம், முறைத்துப் பார்க்காதீர்கள், சகஜமாகப் பேசுங்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் 1941-ல் ஒரு சங்கமே வைத்தார்கள். 'கினிபிக் கிளப்' என்று பெயர், அதாவது சோதனைப் பிராணிகள் சங்கம். 649 பேர் சேர்ந்தார்கள். இதையெல்லாம் ஒரு துப்பறியும் கதை வழியாக நான் தெரிந்துகொண்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த தொடருக்குத்தான் 2007-ல் 'முற்றும்' போட்டார்கள். கதாசிரியர் அந்தோனி ஹொரோவிட்ஸ் நாற்பதாம் வருஷத்திலிருந்து நிதானமாக, மாசம் மாசமாக நகர்த்திக்கொண்டு வந்திருந்தார். தயாரிப்பாளர் ஜில் கிரீன் அவர் மனைவிதான். ஒரே வீட்டில் எழுதுகிறவரும் செலவுக் கணக்குப் பார்க்கிறவரும்! கதை 1943 மார்ச் வரை வந்திருந்தது. இன்னும் கொஞ்சம்தான் காட்டுவோம் என்று சொல்லிவிட்டதால், நடுவில் வைத்திருந்த கதைகளை ஒதுக்கிவிட்டு, யுத்தம் முடிகிற நாளுக்கு ஓட வேண்டியதாயிற்று. அடுத்த கதை தொடங்கும்போது 1944 ஏப்ரல். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே காணோம்! மூன்றே கதைகளில் 1945 மே வந்துவிட்டது. 'ஆல் கிளியர்' என்ற கடைசிக் கதை 2008 ஏப்ரலில் வந்தது. விமானத் தாக்குதல் முடிந்துவிட்டது, வெளியே வரலாம் என்று ஊதுகிற சங்குக்கு அந்தப் பெயர்.

ஆனால் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. புகார்கள் குவிந்தன. கடைசிக் கதைகளுக்குக் கூட்டமும் நன்றாக இருந்தது. நிறுத்திய அதிகாரி அதற்குள் அந்த நாற்காலியை விட்டுப் போயிருந்தார். புதிதாக வந்தவர், மறுபடி எடுங்கள் என்று சொல்லிவிட்டார். 2010-ல் ஃபாயில் திரும்பி வந்தார்.

திரும்பி வந்தவர் எங்கே வந்தார்? 1945 ஜூனுக்கு! விட்டுப்போன 1943-க்குப் போகவில்லை. சங்கு ஊதியாகிவிட்டதே, இனிமேல் எப்படிப் பின்னால் போவது?

என் நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் இருந்தாராம். யுத்தத்தின்போது சின்னப் பெண். தொடரை நிறுத்தக் கூடாது என்று கம்பெனிக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதினவர். திரும்ப வருகிறது என்றதும் கேக் செய்துகொண்டு வந்து கொடுத்தாராம். அப்புறம் பார்த்துவிட்டு, "எங்க அக்கா ஃபாக்டரிக்குப் போனது நாற்பத்து மூணுல. அந்த வருஷத்தைத்தான் விட்டுட்டாங்க" என்றாராம். நாத்தனார் இதைச் சொன்னபோது எனக்கு என்னவோ போலிருந்தது.

அந்த வருஷத்தில் கதைக்கா பஞ்சம்? கல்யாணமாகாத இருபது வயதுப் பெண்களைக் கட்டாயமாக வேலைக்கு எடுக்கும் சட்டம் 1941 டிசம்பரிலேயே வந்துவிட்டது. 1943-ல் வீட்டில் சும்மா இருந்த இளம் பெண்ணைத் தேடினாலும் கிடைத்திருக்காது. அந்த டிசம்பரில் இன்னொன்று செய்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் போதவில்லை என்று, பட்டாளத்துக்குக் கூப்பிட்ட பையன்களின் நம்பரைக் குலுக்கிப் போட்டு, குறிப்பிட்ட எண்ணில் முடிகிறவனையெல்லாம் துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டி கொடுத்துச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். பட்டாள உடுப்பு இல்லாமல் தெருவில் போனால், யுத்தத்துக்குப் பயந்த பயல் என்று பெயர் வேறு. ஒரு தாயார், தன் பிள்ளை நம்பரை எப்படியாவது மாற்றிவிடப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்... ஃபாயில் வந்து அவள் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு.

திரும்ப வந்த தொடரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2010-ல் வந்த மூன்று கதைகளும் அருமை. யுத்தம் முடிந்து வீடு திரும்பியவனுக்கு வீடே பிடிபடாமல் போவதை அவ்வளவு நன்றாக எடுத்திருக்கிறார்கள். 2013-ல் வந்தவை வேறு மாதிரி. ஃபாயில் லண்டனுக்கு வந்து ரகசியப் போலீசான எம்.ஐ.5-ல் சேர்ந்துவிடுகிறார். மில்னர் இல்லை. கடலும் இல்லை. சாம் மட்டும் கல்யாணம் செய்துகொண்டு, ஆபீசுக்கும் வந்துகொண்டு, அதே பசியோடு இருக்கிறாள். உளவு, ரஷ்யாக்காரன், யார் எந்தப் பக்கம் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் விளங்கியது. இவரோ, "இதுதான் முன்னதைவிட நல்லா இருக்கு" என்று சாதிக்கிறார். இருக்கட்டும்!

2015 ஜனவரியில் நிஜமாகவே முடித்துவிட்டார்கள். பதின்மூன்று வருஷத்தில் மொத்தம் 28 கதை. நம் வீட்டு டி.வி.யில் ஒரு மருமகள் கண்ணீரைத் துடைப்பதற்குள் இருபத்தெட்டு எபிசோடு ஓடிவிடும்.

வாசகர்கள் சண்டை போட்டு ஆளைத் திரும்ப வரவழைப்பது அந்த நாட்டுக்குப் புதிதில்லை. ஷெர்லக் ஹோம்ஸை 1893-ல் அருவியில் தள்ளிவிட்டார் கானன் டாயில். ஜனங்கள் விடவில்லை, 1903-ல் சாகவே இல்லை என்று எழுத வேண்டி வந்தது. செத்தவரையே கொண்டுவந்துவிட்டார்கள். ஃபாயில் சாகவில்லை, வருஷம்தான் போயிற்று. அதைக் கொண்டுவரத் தெரியவில்லை.

கிடைத்தால் நீங்களும் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். இட்லிக்கு அரைத்து வைத்துவிட்டு உட்காருவது நல்லது. முதலிலிருந்து வரிசையாகப் பாருங்கள், இடையில் தாவாதீர்கள். 'கேஷுவல்டீஸ் ஆஃப் வார்' என்ற கதை முடிந்ததும் இரண்டு நாள் விட்டுவிட்டு அடுத்ததைப் போடுங்கள். எதிர் வீட்டு மாமி விடாமல் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு வந்து, "நடுவுல ஒரு தட்டை நீ குடுக்கவே இல்லையேடி?" என்று கேட்டார். பெட்டியைத் திறந்து இரண்டு பேரும் எண்ணிப் பார்த்தோம். எல்லாத் தட்டும் இருந்தது.