கம்பெனி போனது, டவேரா ஓடுகிறது

வத்தலகுண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும் வாடகை வண்டிகளுக்கு நடுவே இன்றைக்கும் டவேராவைப் பார்க்கலாம். கூரையில் கேரியர், அதில் தார்ப்பாய் போட்டுக் கட்டிய மூட்டைகள், பின்னால் எதிரெதிரே போட்ட நீள இருக்கைகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் குடும்பம். முன்பக்கத்துச் செவர்லே சின்னம் பொன்னிறம் போய் வெளுத்திருக்கும். சில வண்டிகளில் அது விழுந்து, ஒட்டியிருந்த தடம் மட்டும் மிச்சமிருக்கும். அந்த வண்டியை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ஆம் ஆண்டு முடிவோடு இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. வண்டியோ மஞ்சள் போர்டு மாட்டிக்கொண்டு, வருஷா வருஷம் எஃப்.சி. காட்டிக்கொண்டு ஓடுகிறது.

ஒரு கார் பிராண்டின் ஏற்றமும் இறக்கமும் பற்றி அமெரிக்காவில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஓல்ட்ஸ்மொபைல் 2004-இல் நின்றது, போன்டியாக் 2010-இல் நின்றது என்று அங்கே பெரிய துக்கமே உண்டு. திண்டுக்கல் பட்டறை வாசலில் நின்று பார்த்தால் கதை வேறு மாதிரி தெரியும். பெருநகரத்தில் ஒரு பிராண்டு விழுந்த பிறகுதான், விலை இறங்கி, அது நம் ஊர்ப்பக்கம் பரவலாக வந்து சேருகிறது. விழுந்ததன் செலவையும் கடைசியில் ஏற்பவர்கள் இந்தப் பக்கத்து ஆட்கள்தான்.

செவர்லே என்ற பெயர் தென்மாவட்டங்களுக்குப் புதிதல்ல. 1928-இலேயே ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் வண்டி பூட்டும் ஆலையைத் தொடங்கிவிட்டது. மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் அவர்களுடைய வண்டிகளுக்கு விற்பனையாளராக இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, பாகங்களை இறக்கிப் பூட்டி விற்பது போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று அரசு கறாராகச் சொன்னது. 1950-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் கடையைக் கட்டியது. ஃபோர்டும் கூடவே கிளம்பியது. பெயருக்குரிய லூயி செவர்லேயே அப்படித்தான். 1911-இல் வில்லியம் டுரான்ட்டோடு சேர்ந்து கம்பெனி தொடங்கிய அந்தப் பந்தய ஓட்டுநர், சில ஆண்டுகளிலேயே கூட்டாளியோடு மனஸ்தாபப்பட்டு வெளியேறிவிட்டார். பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் அப்போதே ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது.

இரண்டாவது வரவு தாராளமயத்துக்குப் பிறகு. 1994-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸோடு கூட்டு, குஜராத்தின் ஹாலோலில் ஆலை, 1996-இல் ஓப்பல் ஆஸ்ட்ரா, பிறகு கோர்சா. ஓப்பல் ஜெர்மானியப் பெயர், இங்கே ஒட்டவில்லை. 2003-இல் ஆப்ட்ராவோடு செவர்லே பலகையை மாட்டினார்கள். 2006-இல் ஓப்பல் பெயரை இந்தியாவில் கைவிட்டார்கள். அன்றைக்கு ஓப்பல் வைத்திருந்தவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று புரிந்திருக்கும்.

டேவூ கதையும் இதோடு சேர்ந்ததுதான். தென் கொரியாவின் டேவூ மூழ்கியபோது 2002-இல் அதன் கார் தொழிலை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது, ஆனால் இந்திய ஆலையை எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே மாட்டிஸ் வைத்திருந்தவர்கள் அநாதையானார்கள். ஐந்து ஆண்டு கழித்து, அதே மாட்டிஸின் அடுத்த தலைமுறை வண்டியை ‘ஸ்பார்க்’ என்று பெயரிட்டுச் செவர்லே சின்னத்தோடு இங்கேயே விற்றார்கள்!

அமெரிக்காவில் இந்த நிறுவனத்தை உச்சிக்குக் கொண்டுபோனவர் ஆல்ஃபிரட் ஸ்லோன். அவர் போட்டது ஓர் ஏணி. அடிப்படியில் செவர்லே, அதற்கு மேலே போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக், உச்சியில் காடிலாக். சம்பளம் கூடக்கூட வாடிக்கையாளர் படியேறுவார், வெளியே போகமாட்டார் என்பது கணக்கு. இரண்டாவது வரவில் இந்தியாவுக்கு அந்த ஏணியின் ஒரே ஒரு படிதான் வந்தது. அங்கே அடிப்படியாக இருந்த செவர்லே, இங்கே மாருதிக்கு மேலே, கொஞ்சம் கௌரவமான நடுத்தர விலைக் கார் என்று நின்றது. போன்டியாக் செத்தபோது அமெரிக்க வாடிக்கையாளர் பக்கத்திலிருந்த செவர்லே ஷோரூமில் வண்டியைச் சர்வீசுக்கு விட முடிந்தது. இங்கே செவர்லே போனபோது பக்கத்தில் ஒன்றும் இல்லை.

ஆனால் டவேரா வெற்றி பெற்றது, அதுவும் நியாயமாக. 2004-இல் வந்த இந்த வண்டிக்கு அடிப்படை ஜப்பானின் இசுசு. 2.5 லிட்டர் டீசல் எஞ்சின், பின்னால் பட்டை ஸ்பிரிங், பெரிய மின்னணுச் சிக்கல் எதுவும் இல்லாத உடம்பு. வந்த நேரம் இன்னும் முக்கியம். வாடகை வண்டிக்காரர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய குவாலிஸை டொயோட்டா 2005-இன் தொடக்கத்தில் நிறுத்தி, விலை கூடிய இன்னோவாவைக் கொண்டுவந்தது. டியூ கட்டி வண்டி எடுக்கும் ஓட்டுநருக்கு அந்த விலை எட்டாத உயரம். அந்த இடைவெளியில் டவேரா வந்து உட்கார்ந்தது.

திண்டுக்கல் போன்ற ஊருக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை, தைப்பூசத்துக்குப் பழனி, சித்திரை, வைகாசியில் கொடைக்கானல் சீசன், இடையிடையே முகூர்த்த நாள்கள் என்று ஒரு வண்டி வருஷம் முழுக்க ஓடலாம். பத்துப் பேர் ஏறலாம், கேரியரில் சமையல் பாத்திரம் ஏற்றலாம். கோடை ரோடு ரயில் நிலையத்தில் இறங்கும் சுற்றுலாக் கூட்டத்தை ஒரே வண்டியில் மலைக்குக் கொண்டுபோகலாம். செவர்லே என்றால் என்ன, எந்த நாட்டுக் கம்பெனி என்பதெல்லாம் சவாரிக்காரருக்குத் தேவைப்படவில்லை. டவேராவா, இண்டிகாவா என்று கேட்டுத்தான் வாடகை பேசினார்கள்.

அந்த நம்பிக்கையின் மேல்தான் 2013-இல் அடி விழுந்தது. அந்த ஜூலையில், 2005 முதல் 2013 வரை தயாரித்த சுமார் 1.14 லட்சம் டவேராக்களைத் திரும்பப் பெறுவதாகக் கம்பெனி அறிவித்தது. காரணம் பிரேக்கோ ஸ்டியரிங்கோ அல்ல. சோதனைக்குப் போகும் வண்டிகளில், புகை அளவு குறைவாக வரும் எஞ்சின்களைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தி அனுப்பியிருந்தார்கள் என்று நிறுவனமே அரசிடம் ஒப்புக்கொண்டது. எஞ்சின் பிரிவின் உலகளாவிய துணைத் தலைவர் உட்படப் பலர் வேலையிழந்தார்கள். ஃபோக்ஸ்வாகனின் புகைமோசடி உலகத்துக்குத் தெரிய வந்தது 2015-இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இந்திய வாடகை வண்டி ஒன்றில் அந்த வேலை நடந்திருக்கிறது. அது ஏனோ பெரிதாகப் பேசப்படவில்லை.

மற்றபடி இறக்கத்துக்குக் காரணம் தேட ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. 2010, 2011-இல் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் விற்றார்கள். 2010-இல் வந்த பீட், அடுத்த ஆண்டு அதன் சின்ன டீசல் எஞ்சின், 2009-இன் க்ரூஸ் எல்லாம் நல்ல வண்டிகளே. ஆனால் எதையும் நிறுத்தி நிதானமாக வளர்க்கவில்லை. ஜெர்மனி வண்டி போய்க் கொரியா வண்டி வந்தது. அதுவும் போய், சீனாவின் சாய்க் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து செயில், என்ஜாய் என்று சீனாவில் வடிவமைத்த வண்டிகள் வந்தன. ஒவ்வொரு முறையும் பட்டறைக்காரர் புது வண்டியைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. இதே காலத்தில் ஹூண்டாய் 1998-இன் சான்ட்ரோவில் தொடங்கி, ஒரே பெயரில், ஒரே ஊரில் கால் ஊன்றி, தாலுகா வரை சர்வீஸ் கொண்டுபோனது. 2016-17-இல் செவர்லே உள்நாட்டில் விற்றது 25 ஆயிரத்துச் சொச்சம்தான்.

2015-இல் தலைமை நிர்வாகி மேரி பார்ரா இந்தியாவில் 100 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்திருந்தார். இரண்டு ஆண்டு முடிவதற்குள், 2017 மே 18-இல், விற்பனை நிறுத்தம் என்று அறிவிப்பு வந்தது. ஹாலோல் ஆலை சாய்க்கின் கைக்குப் போய் எம்.ஜி. ஹெக்டர் தயாரிக்கிறது. அந்த ஹெக்டரின் உடன்பிறப்பு, தாய்லாந்திலும் தென் அமெரிக்காவிலும் ‘செவர்லே கேப்டிவா’ என்ற பெயரில் விற்பனையானது. மகாராஷ்டிரத்தின் தளேகாவ் ஆலை 2020 வரை ஏற்றுமதிக்கு ஓடி, பிறகு ஹூண்டாயிடம் போனது. ஆலைகளுக்கெல்லாம் மறுவாழ்வு கிடைத்தது.

வண்டி வாங்கியவருக்கு? வாரன்ட்டியை மதிப்போம், சர்வீசும் உதிரிபாகமும் தொடரும் என்று நிறுவனம் சொன்னது. ஓரளவு தொடரவும் செய்தது. ஆனால் அறிவிப்பு வந்ததுமே மறுவிற்பனை விலை சரிந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் கைமாறிய பீட்டும் ஸ்பார்க்கும் க்ரூஸும் புரோக்கர்கள் வழியாக வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை வரை வந்து சேர்ந்தன. வாழ்க்கையில் முதல் கார் வாங்கும் ஆசிரியருக்கும், மண்டியில் கணக்கெழுதுபவருக்கும், பூ வியாபாரிக்கும் அது கட்டுப்படியாகும் விலை. அவர்கள் செவர்லே ஷோரூம் படி ஏறியதே இல்லை. கம்பெனியின் கணக்கில் அவர்கள் வாடிக்கையாளர்களே அல்ல.

டவேராவைப் பட்டறைக்காரர் சமாளித்துவிடுவார். சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய பாகம் பார்சலில் வரும், இல்லாததை லேத்தில் கடைந்துகொள்ளலாம், காயலான்கடையில் இன்னொரு டவேரா உடைபடும்போது கதவும் கியர்பாக்ஸும் கிடைக்கும். க்ரூஸ் அப்படியல்ல. அதன் மூளை ஒரு மின்னணுப் பெட்டி. அது கெட்டால் மாற்றுப் பெட்டி கிடைப்பது பாதி வேலை. அதை வண்டியோடு பேசவைக்கும் மென்பொருள் கம்பெனியிடம் இருக்கிறது. கம்பெனி ஊரில் இல்லை. நன்றாக ஓடக்கூடிய வண்டி மரத்தடியில் நிற்கிறது.

செவர்லேயோடு இது முடியவில்லை. மறுபடி இந்தியாவுக்கு வந்திருந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தி நிறுத்தத்தை அறிவித்தபோது, மறைமலை நகர் தொழிலாளர்கள் போராடினார்கள். விற்பனையாளர் சங்கம் தங்களைக் காக்கச் சட்டம் கேட்டது. அவ்வளவு பணம் போட்டவர்கள் கேட்பது நியாயம். ஃபிகோவும் ஈகோஸ்போர்ட்டும் வாங்கியவர்களுக்குச் சங்கம் கிடையாது. அவற்றை இரண்டாம் கையாக வாங்கியவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், குறையுள்ள வண்டியைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. 2022-இல் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்குக் குழு அமைத்து, கார்களையும் அதில் சேர்த்தது, அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். இணையதளத்தில் தகவல் போடுவது கம்பெனிகளின் விருப்பம். வெளியேறுகிறவரின் கையைப் பிடித்து நிறுத்த அது போதாது.

உதிரிபாகம் செய்ய ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1990-களில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், ஜெனரல் மோட்டார்ஸின் ரேடியேட்டர் மூடித் தயாரிப்பு எந்திரங்களைப் பிரிட்டனிலிருந்து வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்து, அமெரிக்கக் கார்களுக்கே மூடி அனுப்பியது. வரைபடமும் மென்பொருளும் கையில் கிடைத்தால், இங்கே இருக்கும் பாகத் தொழிற்சாலைகளால் எந்த வண்டியையும் ஓடவைக்க முடியும்.

சட்டத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான். நாட்டில் கார் விற்பனையை நிறுத்தும் கம்பெனி, கடைசி வண்டி விற்ற நாளிலிருந்து குறைந்தது பத்து ஆண்டு உதிரிபாகம் தர வேண்டும். தர முடியாவிட்டால், பழுதுபார்க்கும் மென்பொருளையும் பாகங்களின் வரைபடங்களையும் நியாயமான விலைக்கு உள்ளூர்த் தயாரிப்பாளர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஃபோர்டு மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதிக்காக மறுபடி பயன்படுத்த 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசிடம் விருப்பக் கடிதம் கொடுத்தது. சலுகைகள் பேசும் மேஜையில் அரசு அதிகாரிகள் உட்காரும்போது, ஏற்கெனவே தெருவில் ஓடும் ஃபோர்டு கார்களுக்கான இந்த இரண்டு நிபந்தனைகளையும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.