முதுகில் 30 கிலோ நெருப்பு... டெக்சாஸில் உயிர்பெறும் போர்க்களம்!

25 கிலோ அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மணலில் ஓடச் சொன்னால், எவ்வளவு தூரம் ஓடுவீர்கள்? அதைவிடக் கனமான ஒரு கருவியைச் சுமந்தபடிதான், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் சிலர் ஜப்பானியரின் பதுங்கு குழிகளை நோக்கிப் போனார்கள். அதன் பெயர் ஃபிளேம்த்ரோயர். நெருப்பைப் பீய்ச்சி அடிக்கும் கருவி. எரிபொருளோடு சேர்த்து எடை சுமார் 30 கிலோ. விடாமல் அடித்தால் 10 விநாடிக்குள் தீர்ந்துவிடும்!

இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, கண்ணெதிரே பார்ப்பது வேறு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஃபிரடெரிக்ஸ்பர்க் என்ற சிறு நகரத்தில் இருக்கும் பசிபிக் போர் தேசிய அருங்காட்சியகம் அதைக் கண்ணெதிரே காட்டுகிறது.

பக்கத்தில் கடலே இல்லாத ஊரில் கடற்போர் மியூசியமா? காரணம் இருக்கிறது. பசிபிக் போரில் அமெரிக்கக் கடற்படையை வழிநடத்திய அட்மிரல் செஸ்டர் நிமிட்ஸ் 1885-ல் பிறந்தது இங்கேதான்.

சீருடை மாட்டும் தன்னார்வலர்கள்

வருடத்தில் சில வார இறுதிகளில் இங்கே 'லிவிங் ஹிஸ்டரி' நிகழ்ச்சி நடக்கிறது. தன்னார்வலர்கள் அந்தக் காலத்துச் சீருடையில் வந்து, துப்பாக்கி, டாங்கி, ஃபிளேம்த்ரோயர் எல்லாவற்றையும் இயக்கிக் காட்டுகிறார்கள். பிறகு ஒரு தீவுச் சண்டையை நடித்துக் காட்டுகிறார்கள். ஒரு தரப்பு அமெரிக்கர்கள், மறுதரப்பு ஜப்பானியர்கள். தோட்டாக்களில் வெடிமருந்து மட்டும்தான், குண்டு கிடையாது. ஆனாலும் சத்தமும் புகையும் நிஜம்.

இதெல்லாம் இப்போது எதற்கு? நேரில் பார்த்தவர்கள் வேகமாக மறைந்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். 1945 பிப்ரவரி 23 அன்று இவோ ஜிமா தீவில் ஹெர்ஷல் உட்ரோ வில்லியம்ஸ் என்ற இளைஞர், நான்கு மணி நேரத்தில் ஆறு ஃபிளேம்த்ரோயர்களை மாற்றி மாற்றிச் சுமந்து, பதுங்கு குழிகளை ஒவ்வொன்றாக அழித்தார். அதற்காக அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான 'மெடல் ஆஃப் ஆனர்' பெற்றார். இரண்டாம் உலகப் போரில் அந்த விருதை வென்றவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர்தான். 2022-ல், 98 வயதில் காலமானார். 'அந்தக் கருவி எவ்வளவு கனமாக இருந்தது தாத்தா?' என்று கேட்க இனி அவர் இல்லை.

விளையாட்டா, வரலாறா?

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. நடிப்பில் சுடப்பட்டு விழுந்தவர், நிகழ்ச்சி முடிந்ததும் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். நிஜத்தில்? இவோ ஜிமாவில் சுமார் 6,800 அமெரிக்கர்கள் எழவே இல்லை. அங்கிருந்த ஏறக்குறைய 20,000 ஜப்பானியரில் பெரும்பாலோர் அந்தத் தீவிலேயே மடிந்தார்கள். 'போரை வேடிக்கையாக்குகிறார்கள்' என்ற விமர்சனம் இத்தகைய நிகழ்ச்சிகள் மீது எழுவது இதனால்தான். கைதட்டலோடு கலைந்துவிட்டால் அது வெறும் ஷோ. எரியும் குழிக்குள் இருந்தவரும் ஒரு தாயின் பிள்ளைதான் என்று பார்க்கும் குழந்தைக்கும் புரிந்தால்தான் அது வரலாறு.

அதைப் புரியவைக்க இதே அருங்காட்சியகத்தில் ஓர் இடம் உண்டு. இளம் வயதில் ஜப்பான் சென்றபோது, அந்நாட்டின் புகழ்பெற்ற கடற்படைத் தளபதி டோகோவைச் சந்தித்தார் நிமிட்ஸ். பின்னாளில் ஜப்பானையே எதிர்த்துப் போரிட்டாலும் அவர் மீதான மரியாதை குறையவில்லை. போருக்குப் பிறகு, டோகோவின் 'மிகாசா' கப்பலைப் புதுப்பிக்கவும் உதவினார்.

ஜப்பான் அதை மறக்கவில்லை. டோகோவின் தோட்டத்தைப் போலவே ஓர் அமைதித் தோட்டத்தை 1976-ல் நிமிட்ஸின் ஊருக்கு அன்பளிப்பாகத் தந்தது.

துப்பாக்கிச் சத்தம் கேட்கக் குழந்தைகளைக் கூட்டிப்போகும் பெற்றோர், திரும்பும் முன் அந்தத் தோட்டத்திலும் பத்து நிமிடம் உட்கார வைப்பது நல்லது. பாதிப் பாடம் அங்கேதான் இருக்கிறது!