இலையில் இடுமுன் அளவறிக!

உடற்பருமனைக் குறைத்தற்கென இரைப்பையிற் செய்யப்பெறும் அறுவையைப் பற்றி நம் மக்களிடையே இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. உண்டு கொழுத்தவர் உழையாமல் இளைப்பதற்குத் தேடிய குறுக்குவழி அஃது என்பார் ஒருசாரார். அறுத்துவிட்டால் துன்பமெல்லாம் அன்றே தீர்ந்தது என்பார் மற்றொருசாரார். இருசாராருமே அவ்வறுவையை அறியாதவர் என்க. அறுவை நடப்பது சில மணி நேரமே. அதன்பின் உண்டு வாழ்வதோ வாழ்நாள் முழுமையும். அவ்வாழ்வை அறுவை செய்துகொண்டவன் ஒருவனே மாற்றியமைத்துக் கொள்ளுதல் ஒல்லாது. அவனுக்குச் சமைப்பாரும், இலையிட்டுப் பரிமாறுவாரும், விருந்திற்கு அழைப்பாரும் அவனோடு சேர்ந்து மாறுதல் வேண்டும். இதனை வலியுறுத்தவே இக்கட்டுரை எழுதுகின்றேன். ஏட்டறிவு கொண்டு மட்டும் எழுதினேனல்லேன். பட்டறிவு கொண்டே எழுதுகின்றேன்.

யான் 30 ஆண்டுகளாகப் பள்ளியில் தமிழ் கற்பிப்பவன். திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய 'மருந்து' என்னும் பகுதியைப் பன்முறை நடத்தியவன். மருந்து எனப் பெயரிட்டும் ஒரு மருந்தின் பெயரையேனும் கூறாமல், முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணும் நெறியையே வள்ளுவப் பெருந்தகை அதனுள் முதன்மையாக வகுத்துள்ள அருமையை மாணவர்க்கு எடுத்துக் காட்டியவன். அவ்வாறு எடுத்துக்காட்டி நின்றவனின் எடையோ 128 கிலோ! பந்தியில் என் இலைக்கு மட்டும் பரிமாறுவோர் இருவர் வேண்டும் என்று உறவினர் நகையாடுவர். யானும் அதனைப் பெருமையாகவே கொண்டேன். நீரிழிவு வந்தது, குருதியழுத்தம் வந்தது, முழங்கால்கள் மடங்க மறுத்தன, ஒரு பாடவேளை முழுதும் நின்று கற்பிக்க இயலாமற் போயிற்று. நடையும் உணவுக் குறைப்பும் பலகால் முயன்றேன். இறங்கிய எடை இறங்கிய விரைவிலேயே ஏறிற்று. இறுதியில், 2021-ஆம் ஆண்டு ஆவணித் திங்களில், இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டேன்.

இவ்வறுவை நேற்று முளைத்ததன்று. 1960-களில் அமெரிக்க நாட்டின் அயோவாவில் எட்வர்டு மேசன் என்னும் அறுவை மருத்துவர் தொடங்கிவைத்தது. குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் எடை குறைந்து போவதைக் கண்டே இவ்வழி பிறந்தது. இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் கொள்ளும் சிறு பை ஒன்றைப் பிரித்து, அதனைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கின்றனர். கோழிமுட்டையினும் சிறிய பை அது. உணவு எஞ்சிய இரைப்பையையும் முன்சிறுகுடலையும் தொடாமல் கீழே செல்கின்றது. மற்றொரு வகையான இரைப்பைச் சுருக்க அறுவையில், இரைப்பையின் முக்காற் பங்கிற்கு மேல் வெட்டி நீக்கிக் குழாய் போன்றதொரு பகுதியை மட்டும் விடுவர். பசியைத் தூண்டும் சுரப்புநீர் பெரிதும் ஊறும் இடமும் அதனோடு நீங்குகின்றது. இருவகையிலும் வயிறு சிறுத்துவிடும். ஆனால், கண்ணும் நாவும் பழைய அளவிலேயே இருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகின்றது.

மருத்துவமனையை விட்டு வரும் நாளில் என் கையில் உணவுத்தாள் ஒன்று கொடுத்தனர். முழுதும் ஆங்கிலம்! கல்லூரியிற் பயின்ற யான் படித்துக்கொண்டேன். ஆனால், வீட்டில் அடுப்பின்முன் நிற்பவர் என் மனைவியார். அவர்க்கு அதில் ஒரு வரியும் விளங்கவில்லை. அத்தாளிற் குறித்திருந்த உணவுகளுட் பாதி எங்கள் ஊர்க் கடைத்தெருவிற் கிடையா. உயிர் காக்கும் குறிப்பை உண்பவன் மொழியிலும் சமைப்பவர் மொழியிலும் எழுதாமல், வேற்றுமொழியில் எழுதிக் கொடுப்பது எவ்வகை மருத்துவம்? அன்றிரவே யான் அதனைத் தமிழில் எழுதி, நம் வீட்டு உணவுகளுக்கேற்ப மருத்துவரிடம் உசாவித் திருத்தி, அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். அதன் சுருக்கம் இது:

முதற் சில நாள்கள் தெளிந்த நீர்மங்களே. அடுத்துக் கிழமை இரண்டு வரை மோர், பருப்புநீர், வடிகட்டிய கஞ்சி. பின்னர்க் குழைய மசித்த பருப்பும் முட்டையும். அதன்பின் மென்மையான இட்டலி, மீன், நன்கு வெந்த பயறு. ஏறத்தாழ இரண்டு திங்கள் சென்ற பின்னரே இயல்பான உணவு. ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மெல்லுதல் வேண்டும். ஒருவேளை உணவுக்கு அரைமணி நேரம் ஆகட்டும். உண்ணும்போது நீர் பருகலாகாது. உண்டு அரைமணி கழித்தே பருகுதல் வேண்டும். எனினும் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் சிறுகச் சிறுகப் பருகிவிடல் வேண்டும். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் தேவை. ஆதலின் தட்டில் முதலிற் கை வைக்க வேண்டியது பருப்பிலும் முட்டையிலும் மீனிலுமே, சோற்றிலன்று. சோற்றை நடுவே குவித்து மற்றவற்றைத் தொடுகறியாக்கி உண்டு பழகிய நமக்கு இது தலைகீழ்ப் பாடம்.

ஐந்தாம் திங்களிற் பொங்கல் வந்தது. என் தமக்கையார் வீட்டுக்குச் சென்றோம். எனக்குத் தாய் போன்றவர் அவர். இலையில் இரண்டு கவளம் உண்டு கை நிறுத்தினேன். அவர் முகம் வாடிற்று.

"தம்பி, என் கையால் ஆக்கிய பொங்கல் உனக்குக் கசந்துவிட்டதா? நாளும் நோயுமாக இளைத்துப் போயிருக்கிறாய். இன்னும் ஒரே அகப்பை, எனக்காக உண்."

"போதும் அக்கா, இதற்குமேல் கொள்ளாது" என்றேன். அவர் கேட்கவில்லை; கண்ணில் நீர் கோத்தது. அந்நீரைக் காணப் பொறாமல், நெய்யும் வெல்லமும் ஊறிய சருக்கரைப் பொங்கலை உண்டேன். கால்மணி நேரம் ஆகவில்லை, உடல் முழுதும் வியர்த்தது, நெஞ்சு படபடத்தது, வயிற்றைப் பிசைந்தது, தலை சுழன்று திண்ணையிற் சாய்ந்தேன். நெஞ்சடைப்பென்று எண்ணி வீடே அலறிற்று. நெஞ்சடைப்பன்று அது. வெல்லமும் மாவும் தங்கிச் செல்ல இரைப்பை இன்மையாற் சிறுகுடலில் ஒருங்கே கொட்டுகின்றன. குடல் குருதியிலிருந்து நீரை உள்ளிழுக்கின்றது. அதனால் வந்த விளைவு அது. சிலர்க்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, இன்சுலின் மிகுதியாகச் சுரந்து, குருதியிற் சருக்கரை இறங்கி மயக்கமும் வரும். என் தமக்கையார் எனக்கு இட்டது அன்பே, ஐயமில்லை. ஆனால், அளவறியா அன்பு என்னைத் திண்ணையிற் கிடத்திற்று. அவர்மீது குற்றமில்லை, முன்கூட்டி அவர்க்கு விளங்கச் சொல்லாத என்மீதே குற்றம்.

இத்தகைய நிகழ்ச்சி என் ஒருவனுக்கு மட்டும் உரியதா? இவ்வறுவை செய்துகொண்டார் எவரையும் கேட்டுப் பாருங்கள். கையளவு உண்டு எழுந்தால், "சினமா?" என்பர். "வீட்டில் சோறு போடுவதில்லையா?" என்று மனைவியைக் குத்துவர். என் மனைவியார் இரண்டு திருமணங்களுக்கு இதனாலேயே வர மறுத்தார். மூன்றாம் திங்களுக்குமேல் தலைமயிர் கொத்தாக உதிர்ந்தது, விரைந்து இளைப்பதனால் வருவது அது, பின்னர் முளைத்துவிடும் என்று மருத்துவர் கூறினார், முளைத்தது. ஆயினும், "ஏதோ கொடுநோய், மறைக்கிறார்கள்" என்று தெருவே பேசிற்று. இவற்றுக்கெல்லாம் மேலான துயர் ஒன்றுண்டு. உண்ணுவதே மகிழ்ச்சியென வாழ்ந்தவனுக்கு அம்மகிழ்ச்சி ஒரே நாளிற் பறிபோகின்றது. மாலையில் மனம் சலித்தால் உளுந்து வடையை நாடியவன், இனி எதனை நாடுவான்? அவ்வெற்றிடத்தை நடையாலும் நூலாலும் நட்பாலும் நிரப்புதல் வேண்டும். நிரப்பாவிட்டால் சிலர் குடிவகையில் வீழ்கின்றனர். மாற்றுவழி அறுவைக்குப்பின் அது விரைந்து தலைக்கேறும் என்பதும், அடிமையாகும் இடர் கூடும் என்பதும் ஆய்ந்தறிந்த உண்மைகள்.

இன்னொரு பிழை, இளைத்த பின்னர் வருவது. "எடைதான் இறங்கிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?" என்னும் கேள்வி. இரும்பும் சுண்ணகமும் உடலிற் சேரும் முதன்மையான இடம் முன்சிறுகுடல். உணவு அதனைத் தொடுவதில்லை. பி12 என்னும் உயிரூட்டம் சேர்வதற்கு இரைப்பைநீரின் துணை வேண்டும், அத்துணையும் குன்றிவிட்டது. ஆகலின், வைட்டமின் எனக் கடைகளில் வழங்கும் உயிரூட்ட மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் கொள்ளுதல் வேண்டும். ஆண்டுதோறும் குருதி ஆய்வும் வேண்டும். சுண்ணக மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒருங்கே விழுங்கலாகாது. இரண்டு மணி நேரமேனும் இடைவெளி விடுக. விட்டுவிட்டால் சோகையும், எலும்புத் தேய்வும், கைகால் மரப்பும் ஓசையின்றி வரும். ஓயாத கக்கல் நேர்ந்தால் ஒருநாளும் வாளாவிருத்தல் கூடாது. பி1 உயிரூட்டம் குன்றி, பார்வையும் நடையும் நினைவும் கெடக்கூடும். மூட்டுவலிக்கெனக் கடையிற் கேட்டு வாங்கும் வலிமாத்திரைகளையும் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. இணைப்பிடத்தில் அவை புண் உண்டாக்கும்.

இத்துணைத் தொல்லையுடையதெனின் இவ்வறுவை ஏன் எனக் கேட்கலாம். சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, இத்தகைய அறுவைகள் செய்துகொண்டாரிடையே இறப்பு குறைந்ததென 2007-இல் காட்டிற்று. என்னளவில், ஒன்றரை ஆண்டில் 128 கிலோ 84 ஆயிற்று. இன்சுலின் ஊசி நின்றது. பாடவேளை முழுதும் நின்று கற்பிக்கின்றேன். ஆயினும் பசி திரும்பி வருகின்றது. இரண்டாம் ஆண்டில் முறுக்கும் இனிப்பும் சிறுகச் சிறுகக் கொறித்ததில் 4 கிலோ ஏறிவிட்டது. சோறு புகாத இடத்தில் நொறுக்குத்தீனி எளிதில் வழுக்கிப் புகும். அறுவை ஒரு கருவியே, காவலனன்று.

"விருந்தோம்பல் தமிழர்தம் தலையாய பண்பன்றோ? அதனை விடுக என்கின்றீரா?" என வினவுவார் இருப்பர். விடச் சொல்லவில்லை, அதன் பொருளை உணரச் சொல்கின்றேன். விருந்தினன் வயிற்றை நிரப்புவதன்று விருந்து. அவன் நலத்தை நாடுவதே விருந்து. வேண்டாமென்பவன் இலையில் வலிந்து இடுதல் நம் பண்பன்று. பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பகட்டு என்பதே என் கருத்து.

ஆகவே, வேண்டுவன மூன்று. அறுவைக்கு முன்னரே வீட்டிற் சமைப்பாரையும் அழைத்து மருத்துவர் அறிவுரை கூறல் வேண்டும். அவ்வறிவுரை, நம் உணவுப் பெயர்களோடு, நல்ல தமிழில் அச்சிட்டுத் தரப்பெறல் வேண்டும். உறவினரும் நண்பரும், போதுமென்று ஒருவன் கூறிய அளவில் அகப்பையைத் திருப்புதல் வேண்டும்.

சென்ற பொங்கலன்றும் தமக்கையார் வீட்டுக்குச் சென்றேன். தலைவாழை நுனியிலிருந்து கையகல இலை ஒன்றை நறுக்கி எனக்கு இட்டார். அவித்த மொச்சையும் ஒரு முட்டையும் வைத்தார். சருக்கரைப் பொங்கலை விரல்நுனியளவு வைத்து, "நாவில் மட்டும் வை, தம்பி" என்றார். பல ஆண்டுகளாக யான் உண்ட விருந்துகளுள் அதுவே நிறைவான விருந்து.

இலையில் இடுமுன் அளவறிக! அன்பையும் அளந்து இடுக!