ஏலத்துல எடுத்த பழைய வாட்ச் முதலீடா, செலவா?

நம்ம சேனலுக்கு வர்ற மெயில்கள்ல இந்த மாசம் ஒரே மாதிரி கேள்வி நாலஞ்சு வந்திருக்கு. அதுல ஒண்ணு சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஷேரிங் ரூம்ல தங்கி, தினமும் சோழிங்கநல்லூர் போய்ட்டு வர்ற ஒரு தம்பி அனுப்பினது. "அண்ணா, மாசம் 5,000 எஸ்ஐபி போடறேன். அதை நிறுத்திட்டு, இன்ஸ்டாகிராம் த்ரிஃப்ட் பேஜ்ல ஏலத்துக்கு வர்ற பழைய எச்எம்டி வாட்ச்களை வாங்கி வச்சா அஞ்சு வருஷத்துல டபுள் ஆகும்னு சொல்றாங்க. பண்ணலாமா?"

வேண்டாம் தம்பி. வாட்ச் வாங்குங்க, அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா எஸ்ஐபி காசுல வாங்காதீங்க. வாட்ச், நாணயம், ஸ்டாம்ப், ஹாட் வீல்ஸ் கார் எதுவா இருந்தாலும் உங்க பட்ஜெட்ல சினிமா, பிரியாணி இருக்கற வரிசையில வையுங்க. மியூச்சுவல் ஃபண்ட் இருக்கற வரிசைக்கு அதைக் கொண்டு போகாதீங்க. ஏன்னு விளக்கமா சொல்றேன்.

நம்ம ஏரியாக்காரங்களுக்கு பழைய பொருள் புதுசு இல்ல. தாம்பரத்துல ட்ரெயின் ஏறினா மூணாவது ஸ்டேஷன் பல்லாவரம். அங்க வெள்ளிக்கிழமை சந்தையில பழைய டேப் ரெக்கார்டர், ஸ்பேனர், செடி, கேமரா, பித்தளைப் பாத்திரம், நின்னு போன கடிகாரம்னு எல்லாம் தரையில பரப்பி வச்சிருப்பாங்க. அங்க என்ன நடக்கும்? அவர் 800 சொல்லுவார், நீங்க 300 கேப்பீங்க, கொஞ்ச தூரம் நடந்து போற மாதிரி பாவனை பண்ணுவீங்க, அவர் கூப்பிடுவார், 450க்கு முடியும். அங்க விலை கீழே இறங்கும். நீங்க மோதறது விக்கறவரோட.

ஏலத்துல விலை மேலதான் போகும். அங்க உங்களோட மோதறவர் உங்களை மாதிரியே சம்பளம் வாங்கற, உங்களை மாதிரியே ராத்திரி 10 மணிக்கு போனைப் பாத்துட்டு இருக்கற இன்னொருத்தர். விக்கறவர் சும்மா உக்காந்து வேடிக்கை பார்ப்பார். லைவ்ல "லாஸ்ட் 30 செகண்ட்ஸ் கைஸ்"னு சொன்னதும் 1,500க்கு மேல போகக்கூடாதுன்னு நினைச்சவர் 2,700 டைப் பண்ணியிருப்பார். அந்தப் பக்கம் விலையை ஏத்தறது நிஜமான ஆளா, பேஜ் நடத்தறவரோட நண்பரான்னு நமக்குத் தெரிய வழியே கிடையாது.

இதுக்கு ஒரு பேரே இருக்கு. 1971ல அட்லான்டிக் ரிச்ஃபீல்ட் எண்ணெய் கம்பெனியைச் சேர்ந்த மூணு இன்ஜினியர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. மெக்சிகோ வளைகுடாவுல எண்ணெய் எடுக்க ஏலத்துல உரிமை வாங்கின கம்பெனிகளுக்கு ஏன் எதிர்பார்த்த லாபம் வரலைங்கறதுதான் கேள்வி. அவங்க கண்டுபிடிச்சது ரொம்ப எளிமையானது. பத்து பேர் ஒரு பொருளை மதிப்பிட்டா சிலர் கம்மியா போடுவாங்க, சிலர் கூடப் போடுவாங்க. ஏலத்துல ஜெயிக்கறவர் யாரு? எல்லாரையும் விட அதிகமா மதிப்பு போட்டவர். அதாவது, தப்பா கணக்குப் போட்டிருக்க அதிக வாய்ப்பு இருக்கறவர். இதைத்தான் 'ஜெயிச்சவனுக்கு வந்த சாபம்'ங்கற அர்த்தத்துல பொருளாதாரத்துல சொல்றாங்க. ஜியாலஜிஸ்ட்களை வச்சு கணக்குப் போட்ட எண்ணெய் கம்பெனிக்கே இந்த நிலைமைன்னா, மூணு மங்கலான போட்டோவைப் பாத்து ஏலம் கேக்கற நாம எந்த மூலைக்கு?

நம்ம ஊர்லயே அதிக விலைக்கு ஏலம் எடுக்கறவங்க இருக்காங்க. விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துல ஒட்டனந்தல் முருகன் கோயில்ல பங்குனி உத்திரத் திருவிழாவுக்கு வேல்ல சொருகின எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவாங்க. 2024ல 9 பழம் 2.36 லட்சத்துக்குப் போச்சு. சிலர் இதைக் கிண்டல் பண்றாங்க. நான் பண்ண மாட்டேன். அந்தப் பழத்தை எடுத்தவங்களுக்கு எதுக்கு எடுக்கறோம்னு தெளிவாத் தெரியும். குழந்தை வேணும்னு வேண்டிக்கிட்டு, நம்பிக்கையில குடுக்கற காசு அது. அஞ்சு வருஷத்துல டபுள் ஆகும்னு யாரும் அவங்ககிட்ட சொல்லல. நம்ம இன்ஸ்டா ஏலத்துல பிரச்னையே அந்த ஒரு வரிதான்.

சரி, எச்எம்டிக்கு வருவோம். 1961ல ஜப்பானோட சிட்டிஸன் கம்பெனி கூட்டுல பெங்களூர்ல ஆரம்பிச்சது. நம்ம அப்பா, தாத்தா கையில இருந்த ஜனதா, பைலட், காஞ்சன், சோனா எல்லாம் அதோட மாடல்கள். 2016 ஜனவரியில எச்எம்டி வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது. 'இனிமே வராது'ங்கற செய்தி வந்தாலே பழைய பொருளுக்கு ஒரு மவுசு வரும். வந்தது. பரண்ல கிடந்த வாட்ச் எல்லாம் 'வின்டேஜ்' ஆயிடுச்சு.

ஆனா ஏலத்துக்கு வர்றதுல எவ்வளவு ஒரிஜினல்? சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்'னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. பழைய மூவ்மென்ட்டை எடுத்து, டயலை சொரண்டி புதுசா பெயின்ட் பண்ணி, வேற வாட்ச்சோட முள்ளு, வேற கேஸ் எல்லாம் போட்டு அசெம்பிள் பண்ணின வாட்ச். எச்எம்டி எந்தக் காலத்துலயும் போடாத பளபள ஆரஞ்சு, பச்சை கலர்ல டயல் இருந்தா சந்தேகப்படுங்க. எழுத்து கோணலா, தடிமனா இருந்தாலும் அப்படித்தான். 50 வருஷ வாட்ச்ல கண்ணாடி மாதிரி மின்னற டயல் இருக்குன்னா சந்தோஷப்படாதீங்க, பயப்படுங்க. பின்மூடியைத் திறந்து மூவ்மென்ட் போட்டோ கேளுங்க. அனுப்ப முடியாதுன்னு சொன்னா அந்த ஏலம் உங்களுக்கு இல்ல. போடறதுக்கு ஆசையா வாங்கறீங்கன்னா மும்பை ஸ்பெஷல்கூட ஓகே, டைம் காட்டும். மறுபடி விக்கறதுக்குன்னா விஷயம் தெரிஞ்சவர் ஒருத்தரும் தொட மாட்டார்.

பல்லாவரத்துல வாங்கினா சாவி குடுத்துப் பாக்கலாம், காதுல வச்சுக் கேக்கலாம். அங்கயும் டூப்ளிகேட் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா கையில எடுத்துப் பாத்துட்டுத்தான் காசு குடுக்கறீங்க.

இப்ப நம்ம வேலையான கணக்குக்கு வருவோம். பேஜ் ஏலத்தை விடுங்க, முறையான ஏல நிறுவனத்தையே எடுத்துக்குவோம். மும்பையில டோடிவாலா, பெங்களூர்ல மருதர் ஆர்ட்ஸ் மாதிரி நாணயம், நோட்டு ஏலம் விடற நிறுவனங்கள் இருக்கு. கேட்டலாக் போட்டு, பொருளோட தரத்தை எழுதி, வெளிப்படையா நடத்தறாங்க. ஏல நிறுவனங்கள்ல ஏலம் முடியற விலைக்கு மேல வாங்கறவர் தனியா 'பையர்ஸ் பிரீமியம்' கட்டணும், ஜிஎஸ்டியும் உண்டு. உதாரணத்துக்கு பிரீமியம் 15%ன்னு வச்சுக்கோங்க, வரியையும் கூரியரையும் மறந்துடுங்க. 10,000க்கு எடுத்த நாணயம் உங்களுக்கு 11,500. நாளைக்கு அதையே ஏலத்துல விக்கப் போனா விக்கறவர்கிட்ட 10% கமிஷன் பிடிச்சா, உங்க கைக்கு 11,500 வரணும்னா அது கிட்டத்தட்ட 12,780க்கு ஏலம் போகணும். லாபமே இல்லாம போட்ட காசு திரும்பி வர்றதுக்கே விலை 28% ஏறணும். வருஷத்துக்கு 8% ஏறினாலும் மூணு வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் அந்தப் பொருள் உங்களுக்கு ஒரு ரூபா வட்டியும் தராது, டிவிடெண்டும் தராது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி செலவுன்னா ஃபண்ட்ல ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாம். ஒரு வாட்ச்ல கால்வாசியை விக்க முடியாது.

இதையே கிரெடிட் கார்டுல வாங்கி பாக்கி வச்சா, பல கார்டுகள்ல மாசம் 3.5% வரை வட்டி, அதாவது வருஷத்துக்கு 42%. அந்த வேகத்துல ஏறற எச்எம்டி எதையும் நான் பாத்ததில்ல.

"ஆனா அண்ணா, லட்சத்துக்கு, கோடிக்குப் போகுதே?" போகுது. காந்தி இறந்த 1948ல வந்த 10 ரூபா ஸ்டாம்ப்ல 'சர்வீஸ்'னு அச்சடிச்ச நாலு ஸ்டாம்ப் கொண்ட ஒரு செட் 2017ல 5 லட்சம் பவுண்டுக்கு வித்தது. உலகத்துல அது மாதிரி 13 ஸ்டாம்ப்தான் வெளியில இருக்கறதா கணக்கு. அந்த 13ல ஒண்ணு இன்ஸ்டா லைவ்ல 'பிட் ஸ்டார்ட்ஸ் அட் 99'னு வராது.

அமெரிக்காவுல குட்வில்னு பெரிய தொண்டு நிறுவனம் இருக்கு, ஜனங்க குடுக்கற பழைய பொருளை வித்து அந்தக் காசுல வேலைப் பயிற்சி நடத்தறாங்க. 1999லேர்ந்து ஆன்லைன் ஏலமும் உண்டு. அங்க இருக்கற நம்ம ஆளுங்க நிறையப் பேருக்கு அந்த சைட் தெரிஞ்சிருக்கும். இந்த மாதிரி கடைகளைப் பத்தி எல்லாரும் ஷேர் பண்ற கதை ஒண்ணு: 2018ல டெக்சஸ்ல ஆஸ்டின் குட்வில் கடையில பழம்பொருள் வியாபாரம் பண்ற ஒரு அம்மா 34.99 டாலருக்கு ஒரு பளிங்குச் சிலை வாங்கினாங்க. விசாரிச்சா அது சுமார் 2,000 வருஷத்து ரோமானியச் சிலை! வீடியோ எல்லாம் இங்கயே முடிஞ்சிடும். மிச்சக் கதை என்னன்னா, அது ஜெர்மனியில ஒரு மியூசியத்துல இருந்து இரண்டாம் உலகப்போர் சமயத்துல காணாமப் போனது. விக்கவே முடியல. சான் அன்டோனியோ மியூசியத்துல கொஞ்ச நாள் வச்சிருந்துட்டு 2023ல ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பிட்டாங்க.

இது நமக்கும் பொருந்தும். 1972ல வந்த தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்குக் குறையாத நாணயம், சிற்பம், ஓவியம் எல்லாம் தொல்பொருள்; கையெழுத்துச் சுவடி, ஆவணங்கள் மாதிரியானதுக்கு 75 வருஷம். இதை வியாபாரமா விக்க லைசென்ஸ் வேணும், தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. லைவ்ல "சோழர் காசு, ஒரிஜினல்"னு காட்டறவர்கிட்ட லைசென்ஸ் இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க. சிங்கப்பூர்ல இருக்கற அத்தை பையனுக்கு கிஃப்ட்டா கூரியர் பண்ற யோசனை இருந்தா விட்டுடுங்க. செல்லாத பழைய 500, 1000 நோட்டுக்கும் 2017 சட்டத்துல எல்லை இருக்கு: சும்மா வச்சிருக்க மொத்தம் 10 நோட்டு, ஆராய்ச்சி, சேகரிப்புக்குன்னா 25. அதுக்கு மேல போனா குறைஞ்சது 10,000 ரூபா அபராதம்.

இன்னொண்ணு, இது உங்களை விட வீட்டுல இருக்கறவங்களுக்கு. "டிராக்டர் படம் போட்ட 5 ரூபா நோட்டு இருக்கா? லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம்"னு அம்மா வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கும். நோட்டு போட்டோ அனுப்பினதும் "உங்க நோட்டு செலக்ட் ஆயிடுச்சு, ரெஜிஸ்ட்ரேஷன் 1,500 கட்டுங்க"ன்னு ஆரம்பிச்சு, வரி, கமிஷன்னு நீளும். ரிசர்வ் வங்கி பேரும் லோகோவும் போட்ட லெட்டர் கூட வரும். 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது: நாங்க இந்த மாதிரி வாங்கறது விக்கறதுல ஈடுபடறதில்ல, யார்கிட்டயும் கட்டணமோ கமிஷனோ கேக்கறதும் இல்லன்னு. ஒரு பொருளை விக்கறவர் முன்பணம் கட்ட வேண்டிய வியாபாரம் எதுவா இருந்தாலும் எந்திரிச்சு வந்துடச் சொல்லுங்க. ஏமாந்துட்டா உடனே 1930க்கு போன் பண்ணணும். நேரம் போகப் போக காசு வேற அக்கவுண்ட்டுக்கு மாறிடும்.

இவ்வளவுக்கப்புறமும் ஆசையா இருக்கா? இருக்கட்டும், அது நல்ல பொழுதுபோக்குதான். எஸ்ஐபி, எமர்ஜென்சி ஃபண்ட், வீட்டுக்கு அனுப்பறது எல்லாம் போனப்புறம் மிச்சத்துல மாசம் 500ஓ 1,000ஓ தனியா ஒதுக்குங்க. நாலு மாசம் சேர்த்து ஒரு வாட்ச் வாங்குங்க. ஏலத்துக்கு முன்னாடியே கூரியர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து உச்ச விலையை ஒரு பேப்பர்ல எழுதுங்க. உச்ச விலையை முன்னாடியே பதிவு பண்ற வசதி இருக்கற சைட்டா இருந்தா அதைப் போட்டுட்டு போனை வச்சுட்டுத் தூங்குங்க. உங்களுக்கு அடுத்தவர் கேட்டதுக்கு ஒரு படி மேலதான் அது ஏத்தும். லைவ் ஏலத்துல அந்த வசதி இல்லாததுக்குக் காரணம் உங்களுக்கே புரியும்.

காசு தனி ஆளோட யுபிஐக்குப் போகுதுன்னா இன்னும் ஜாக்கிரதை. எப்பவோ ஒரு தடவை சொந்தப் பொருளை விக்கற தனி ஆளுக்கு 2020 மின்வணிக விதிகள் பொருந்தாது, ரிட்டர்ன் பாலிசின்னு கேட்டா சிரிப்பாங்க. எச்எம்டிக்கு சொந்தமா இணையதளம் இருக்கு, அங்கயும் ஒரு தடவை விலை பாருங்க. ஸ்டாம்ப் ஆசைன்னா அண்ணா சாலை தலைமைத் தபால் ஆபீஸ்ல ஃபிலாடெலிக் பீரோ இருக்கு, புது ஸ்டாம்ப்களை அச்சிட்ட விலைக்கே வாங்கலாம், யாரோடயும் போட்டி போட வேண்டாம். நாணயத்துக்கு மெட்ராஸ் காயின் சொசைட்டி மாதிரி சங்கங்கள் இருக்கு; ரெண்டு மீட்டிங் போய் உக்காந்தா, முப்பது வருஷமா சேகரிக்கற பெரியவங்க போலியை எப்படிப் பிடிக்கறதுன்னு காசு வாங்காமச் சொல்லிக் குடுப்பாங்க.