ரிப்பீட்டர் வாங்காதீங்க சாமி!

ஒரே காம்பவுண்டுல முன் வீடு, பின் வீடு. நெட் கனெக்‌ஷன் முன் வீட்டில். பின் வீட்டில் ஆபீஸ் மீட்டிங் பாதியில் அறுந்து போகுது. கடைக்குப் போனா உடனே நீட்டுவாங்க ஒரு ரிப்பீட்டர். "நாலு ஆன்டெனா சார்!"

ஆன்டெனா எத்தனை இருந்தா என்னங்க? நடுவுல நிக்கிறது கான்கிரீட்டும் கம்பியும். 5 கிகாஹெர்ட்ஸ் அதுலயே படுத்துடும். 2.4 கொஞ்சம் தாண்டும். ஆனா அதுல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணே மூணுதான், தெருவே அங்க அடிச்சிக்குது. ஒரே ரேடியோ வச்ச ரிப்பீட்டர் கேட்டதைத் திரும்பச் சொல்லியே ஆகணும், அதுல பாதி வேகம் அம்பேல். நொண்டி சிக்னலை வாங்கி நொண்டியாத்தானே தரும்?

"அப்ப லேன் கேபிள் இழுத்துடலாம், 100 மீட்டர் வரை போகுமே"ன்னு மொட்டை மாடி வழியா விடுறாங்க பாருங்க, அது இன்னும் மோசம். ரெண்டு கட்டிடத்துக்கும் எர்த் வேற வேற. பக்கத்துல இடி விழுந்தா, அந்தச் செம்புக் கம்பி வழியா ரெண்டு வீட்டு ரவுட்டரும் சேர்ந்து புகையும்.

என் கட்சி ஃபைபர்தான். கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. உள்ளே இரும்புக் கம்பி இல்லாத கேபிளா கேட்டு வாங்குங்க. ரெண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர், பின் வீட்டில் ஒரு ஆக்சஸ் பாயின்ட். வேலை முடிஞ்சது.

வீடு கட்டும்போது தண்ணிக்கும் கரண்டுக்கும் பைப் புதைக்கிறோம்ல? கூடவே காலியா ஒரு பைப் புதைங்க. மேஸ்திரி சிரிப்பார், சிரிக்கட்டும் :-)